உள்ள ஆள் இருக்கு

பிரேக்கு என்றால் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவருடைய லைசென்ஸில் பத்திரமாக இருக்கிறது, யாரும் அதைத் தொந்தரவு செய்வதில்லை. டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். கற்றுக்கொடுக்கிற வண்டியில் பக்கத்து சீட்டுக்காரர் காலடியிலும் ஒரு பிரேக் வைத்திருப்பார்கள் அல்லவா, பாதி வாழ்க்கையை அந்தப் பிரேக்கின் மேல் பாதத்தை வைத்துக்கொண்டே கழித்தவர். பஸ்ஸில் போனாலும் அந்த வலது கால் தரையை அமுக்கும். சினிமாவில் கார் துரத்தும் காட்சி வந்தால் முன் சீட்டுக்காரர் திரும்பி முறைப்பார். வீட்டில் மனைவி கொஞ்சம் வேகமாகப் பேச ஆரம்பித்தால் மேஜைக்கு அடியில் கால் தானாக அமுங்கும். "அமுக்கு, அமுக்கு. நான் நிக்கப்போறதில்ல" என்பாள் அவள். சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் கவுன்ட்டரில் வேலை. வருகிறவர்களின் கூடையைப் பார்த்தே அந்த வீட்டில் இன்றைக்கு யாரோடு யார் பேசவில்லை என்று சொல்லிவிடுவாள்.

பிரேக்கு தன் தொழிலில் கண்டுபிடித்த சங்கதி ஒன்று உண்டு. வண்டி ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்கள் மனதில் இருப்பதை எல்லாம் கொட்டிவிடுவார்கள். கை ஸ்டியரிங்கில், கண் ரோட்டில், காலுக்கும் வேலை. மிச்சம் இருப்பது வாய் மட்டும்தான். யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. மூன்றாவது கியருக்கு வந்ததும் புருஷன், பொண்டாட்டி, மாமியார், மேனேஜர் எல்லாம் ஒவ்வொருவராக வண்டியில் ஏறிக்கொள்வார்கள். பிரேக்கு வாயைத் திறந்தால் பாதி ஊர் ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் முழிக்க முடியாது. ஆனால் மனிதர் திறந்ததில்லை. கட்டிய மனைவியிடம்கூட. "இந்தக் காதுல விழுந்தது கியர் பாக்ஸோட போச்சு" என்று சொல்லிக்கொள்வார். அவருக்கு வாழ்க்கையில் பெருமை என்று இருந்தது அது ஒன்றுதான். அந்த ஒன்றில்தான் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் பிரேக்கு வேறு ஆள். டிரம்ஸ் வாசிப்பார். நாலு பேர் சேர்ந்த ராக் குழு, எல்லோருக்கும் பட்டப்பெயர்தான். பாடுகிறவர் தொண்டை, பிரேக்கின் பள்ளிக்கூடத்து சிநேகிதர். கிட்டாரும் மெட்டும் கம்பி. பேஸ் கிட்டார் வாசிப்பவர் நாற்காலி, மேஜை, மெத்தை எல்லாம் விற்கிற கடைக்காரர், அதனால் சோபா. அவருடைய கிடங்கில்தான் ஒத்திகை. சுவரைச் சுற்றி மெத்தைகளை நிமிர்த்தி வைத்தால் சத்தம் வெளியே போகாது. பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபாவில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும், அசைந்தால் கீச்சுக் கீச்சென்று அதுவும் கூடவே பாடும். நாலு பேருக்கும் முன் வழுக்கை விழத் தொடங்கிவிட்டது. கடை திறப்பு விழாவிலும் கல்லூரி ஆண்டு விழாவிலும் வாசித்தார்கள். அவர்கள் வாசிக்கும்போதுதான் ஜனங்கள் சாப்பிடப் போவார்கள்.

அந்தக் குழுவுக்குப் பாட்டு கட்டுவதில் ஒரு வழக்கம் இருந்தது. முதலில் கம்பி மெட்டு போடுவார். மெட்டு மறந்துபோகாமல் இருக்க, அளவுக்குச் சரியாக ஏதாவது டம்மி வார்த்தைகளைப் போட்டுப் பாடி வைப்பார்கள். அது பிரேக்கின் வேலை. தாளம் பிடிக்கிறவன் வாயில்தான் அளவு சரியாக வரும் என்பது கம்பியின் கொள்கை. "சாவிய காணோம், சட்டைய காணோம், சனிக்கிழம லீவு இல்ல" என்கிற மாதிரி கண்டதையும் போட்டு வைப்பார் பிரேக்கு. அப்புறம் நாலு பேரும் உட்கார்ந்து அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, நிலா, நெருப்பு என்று கௌரவமான வார்த்தைகளாக எழுதுவார்கள். டம்மி வரியை யாரும் யோசித்துச் சொல்வதில்லை. அன்றைக்கு வாயில் எது இருக்கிறதோ அது.

தொண்டையின் மனைவிக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசை. "நீயே சொல்லிக்குடுடா. வேற எவன்கிட்டயும் விட எனக்கு மனசு வரல" என்று தொண்டைதான் கொண்டுவந்து விட்டார். நல்ல மனிதர், அதையும் சொல்ல வேண்டும். குடிக்க மாட்டார், கை ஓங்க மாட்டார். அவள் பிரேக்கை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். இவருக்கு அவள் தங்கச்சி. பயந்து பயந்து, ஆனால் கருத்தாகக் கற்றுக்கொண்டாள். ஒரே ஒரு குறை, வண்டியை எடுக்கும்போது பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்க்க மறந்துவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மேட்டில் நிறுத்திய வண்டியைப் பின்னால் உருளாமல் எடுக்கப் பழக்கிக்கொண்டிருந்தார். நாலைந்து தடவை அணைந்து போய், ஒரு வழியாக வண்டி மேடேறியது. ஏறின நிம்மதியில் அவள் சாதாரணமாகக் கேட்டாள்.

"அண்ணா, வீட்ல லைட்ட அணைக்கும்போது உள்ள யாராவது இருக்காங்களான்னு பாப்பீங்களா?"

"பாப்பேனே. ஏம்மா?"

"இவரு பாக்கமாட்டாரு. நான் உள்ள துணி மடிச்சிட்டிருப்பேன். வருவாரு, எதையோ தேடுவாரு, எடுப்பாரு, லைட்ட அணைச்சிட்டு போயிடுவாரு. முன்னல்லாம் கத்துவேன், உள்ள ஆள் இருக்குன்னு. இப்ப கத்துறதில்ல. எவ்ளோ நேரம் கழிச்சு தேடுவாருன்னு இருட்டுலயே உக்காந்திருப்பேன்."

"தேடுவானா?"

"இல்ல." கியரை மாற்றினாள். "தினம் வீட்டுக்கு வர்றாருண்ணா. இன்னும் வந்து சேரல."

தொண்டைக்கு விளக்குக் கடையில் வேலை. கூரை முழுக்கத் தொங்கு விளக்கும் சுவர் விளக்கும் எரிகிற பெரிய ஷோரூம். கடை மூடும்போது கடைசிக் கோடியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு வரிசையாக அணைத்துக்கொண்டே வாசல்வரை வருவது அவர் பொறுப்பு. அந்தக் கை வீட்டிலும் தன் வேலையைப் பார்க்கிறது. இதைத் தங்கச்சியிடம் சொல்லலாமா என்று பிரேக்கு யோசித்தார். அவளுக்கும் அது தெரியாமலா இருக்கும் என்று விட்டுவிட்டார்.

"அவர்கிட்ட சொல்லிடாதீங்கண்ணா. நானேதான் சொல்லணும்" என்றாள் அவள். "லைசென்ஸ் வரட்டும். அவர பக்கத்து சீட்ல உக்கார வச்சிட்டு நான் ஓட்டணும். அப்ப சொல்லுவேன். நேருக்கு நேர் எனக்கு வாய் வராது. இந்த சீட்லதான் வருது."

"எங்கிட்ட சொன்னது எங்கயும் போகாதும்மா" என்றார் பிரேக்கு. அவர் அதை மனதாரத்தான் சொன்னார்.

அன்றைக்கு மத்தியானம் கம்பி ஒரு மெட்டோடு வந்தார். மெதுவாக ஆரம்பித்து, நடுவில் நின்று, திடீரென்று எகிறுகிற மெட்டு. "போடுடா டம்மிய" என்றார். பிரேக்கு குச்சியைச் சுழற்றிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, எப்போதும்போல் வாயில் வந்ததை விட்டார்.

*உள்ள ஆள் இருக்கு, விளக்க அணைக்காத.*
*வீட்டுக்கு வந்த நீ, இன்னும் வந்து சேரல.*

பாடி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. கண்ணைத் திறந்தால் மூன்று பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உட்கார்ந்திருந்த சோபாகூடக் கீச்சிடவில்லை.

தொண்டைதான் முதலில் பேசினார். "இன்னொரு தடவ சொல்லு." சொன்னதும் தானே எழுந்து நின்று பாடினார். பாடினார் பாருங்கள், இத்தனை வருஷமாக அந்தத் தொண்டைக்குள் இப்படி ஒரு குரல் எங்கே ஒளிந்திருந்தது என்று தெரியவில்லை, மெத்தைகளைத் தாண்டித் தெருவரை போயிருக்கும். "இது டம்மி இல்லடா. இதான் பாட்டு" என்றார்.

"எங்கடா புடிச்ச இத?" என்று கேட்டார் சோபா.

"சும்மா. வாயில வந்துச்சு."

வாயில் வந்ததாம். யார் வாயில்? அந்த இடத்தில் பிரேக்கை அமுக்கியிருக்க வேண்டும். ஊரில் கண்டவன் ஓட்டுகிற வண்டிக்கெல்லாம் அமுக்குகிற கால், அன்றைக்கு மரத்துப்போய்க் கிடந்தது. "வேற வரி போட்டுக்கலாம்டா, இது என்னமோ மாதிரி இருக்கு" என்று முனகத்தான் செய்தார். "கைய வச்ச, கைய ஒடச்சிடுவேன்" என்றார் தொண்டை. பிறகு வந்து தோளைக் கட்டிக்கொண்டார். "உனக்குள்ள இப்படி ஒருத்தன் இருக்கான்னு எனக்கு இத்தன வருஷம் தெரியலையேடா."

அதில்தான் ஆள் விழுந்தார். டிரம்ஸ்காரன் எப்போதும் பின்னால் இருப்பவன், புகைப்படத்தில்கூடப் பாதி முகம்தான் விழும். யாரும் அவரை அப்படிக் கட்டிக்கொண்டதில்லை. அந்தக் கை தோளில் இருந்த நேரத்தில் அவர் தங்கச்சியை மறந்துபோனார் என்பதுதான் உண்மை.

இதுவரைக்கும் நடந்ததைக்கூட வாய் தவறியது என்று மன்னித்துவிடலாம். அடுத்ததை எப்படி மன்னிப்பது? பாட்டுக்கு இரண்டாவது பாரா வேண்டும் என்றார்கள். பிரேக்கு வீட்டில் உட்கார்ந்து குச்சியைக் கடித்தார், நிலாவையும் நெருப்பையும் கூப்பிட்டுப் பார்த்தார், ஒன்றும் வரவில்லை. அடுத்த பாடத்தன்று ரவுண்டானாவைச் சுற்றி வரும்போது, அக்கறையான குரலில் கேட்டார்.

"அப்புறம் எப்படிம்மா இருக்கு வீட்ல? ஏதாவது பேசுறானா?"

அவள் கொஞ்சம் ஆச்சரியப்பட்டாள். இவ்வளவு நாளில் பிரேக்கு தானாக எதையும் கேட்டதில்லை. ரவுண்டானாவை விட்டு வெளியே வந்ததும் சொன்னாள். "பேசுவாருண்ணா. 'சாப்டியா'ன்னு தினம் கேப்பாரு. ஒரு நாள் வேணும்னே 'இல்ல'ன்னு சொன்னேன். 'சரி'ன்னுட்டு போயிட்டாரு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிரேக்கும் கூடச் சிரித்தார். சிரித்துக்கொண்டே தொடையில் விரலால் அளவு பார்த்தார். சாப்டியான்னு கேட்ட, இல்லன்னு சொன்னேன், சரின்னு சொல்லி போயிட்ட. கச்சிதமாகப் பொருந்தியது. அந்த விரலைத்தான் அவர் பின்னால் பலமுறை பார்த்துப் பார்த்து வெறுத்தார்.

பாட்டை சிங்கிளாக வெளியிட்டார்கள். பெயர், 'உள்ள ஆள் இருக்கு'. யாரும் எதிர்பார்க்கவில்லை, பிய்த்துக்கொண்டு போனது. காலேஜ் பிள்ளைகள் போனில் ஒலித்தது, பஸ்ஸில் ஒலித்தது. முறியப்போகிற உறவைப் பற்றி இப்படி ஒரு பாட்டா என்று யார் யாரோ பேசினார்கள். தொண்டையைக் கடையிலேயே வந்து பார்த்தார்கள். ஒரு பெண் அவரிடம், "உங்களுக்கு எப்படி சார் எங்க மனசு தெரியுது?" என்று கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாளாம். தொண்டை அதைக் கிடங்கில் வந்து சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். வீட்டில் மட்டும் சொல்லவில்லை. வீட்டில் அவர் எதைத்தான் சொன்னார்?

பிரேக்கின் மனைவி முதலில் அதைச் சூப்பர் மார்க்கெட் ஸ்பீக்கரில் கேட்டாள். சாயங்காலம் வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நான் இருக்கும்போது நீ எப்ப லைட்ட அணைச்ச?"

"அணைக்கலையே."

"அப்ப யார பத்தி எழுதின? கடையில எல்லாரும் என்ன ஒரு மாதிரி பாக்குறாங்க. எங்கக்கா போன் பண்ணி, என்னடி பிரச்சனைன்னு கேக்குறா."

"சும்மா கற்பனைதான்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அடுத்தவர் கூடையைப் பார்க்கிற அதே பார்வை. "உனக்கா? கடைக்கு அனுப்பினா ரெண்டு சாமான் மறந்துட்டு வர்ற ஆளு நீ. 'சரின்னு சொல்லி போயிட்ட'ன்னு ஒரு ஆம்பளைக்கு தோணவே தோணாது. இது யாரோ ஒருத்தி சொன்னது." கொஞ்சம் பொறுத்து, குரலை இறக்கிக் கேட்டாள். "வண்டியில கேட்டதா?"

பிரேக்கின் கால் மேஜைக்கு அடியில் அமுக்கிக்கொண்டிருந்தது. அவள் மேற்கொண்டு கேட்கவில்லை, உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அதிலிருந்து தங்கச்சி வண்டியில் ஏறுகிற நாளெல்லாம் அவர் முதல் வேலையாக ரேடியோவை அணைத்து வைத்தார். இன்றைக்குச் சொல்லிவிடலாம், டெஸ்ட் முடிந்ததும் சொல்லிவிடலாம், மழை நிற்கட்டும், சிக்னல் விழட்டும் என்று தள்ளிப்போட்டார். வீடும் பாடமுமாக இருந்த அவள் எதுவும் தெரியாமல் நன்றாக ஓட்டக் கற்றுக்கொண்டு வந்தாள். "அண்ணா, நீங்க இப்பல்லாம் பிரேக்க அமுக்குறதே இல்ல, கவனிச்சீங்களா?" என்றாள் சந்தோஷமாக. இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டெஸ்டுக்கு முந்தின நாள் கடைசிப் பாடம். அவளுக்கு முன்னால் ஓட்டிய ஆள் ரேடியோவைப் போட்டு வைத்துவிட்டுப் போயிருந்தான். சாவியைத் திருப்பியதும் செய்தி ஓடியது. பிரேக்கு எங்கேயோ யோசனையாக இருந்தார். கடைத்தெருவைத் தாண்டும்போது செய்தி முடிந்து, அந்த மெதுவான கிட்டார் ஆரம்பித்தது. அவர் கை பாய்ந்து போனது.

"இருக்கட்டும்ணா. இவரு குரல் மாதிரி இருக்கே" என்றாள் தங்கச்சி.

அவருடைய கை பாதி வழியில் நின்றது. தொண்டை பாடினார், உயிரைக் கொடுத்துப் பாடினார். அவர் பாதம் பிரேக்கின் மேலேயே இருந்தது. அவள் பதறி எதிலாவது இடித்துவிடுவாள் என்று பயந்தார். அவள் பதறவில்லை. முன்னால் போன லாரியை விட்டு இடைவெளி வைத்துக்கொண்டாள், சிக்னலில் நின்றாள், எடுத்தாள். முதல் பாரா முடிந்தது, இரண்டாவது பாராவும் முடிந்தது. பாட்டு நின்றதும் ரேடியோவை அவளே அணைத்தாள். அடுத்த தெருவில், நின்றிருந்த இரண்டு வண்டிகளுக்கு நடுவில், பின்னால் எடுத்து ஒரே திருப்பில் சரியாக நிறுத்தினாள். இத்தனை நாளில் அது அவளுக்கு ஒருமுறைகூட ஒரே தடவையில் வந்ததில்லை.

"ரெண்டாவது பாராவுக்குதான் அன்னிக்கு கேட்டீங்களா?" என்றாள். கண் இன்னும் ரோட்டிலேயே இருந்தது. "வீட்ல எப்படி இருக்குன்னு?"

பிரேக்கு தலையை ஆட்டினார்.

"ஒருத்தராவது கேக்குறாரேன்னு நினைச்சேன்."

"தப்புதாம்மா. முதல்ல டம்மியாதான் வந்துச்சு, மாத்திடலாம்னு..." அதற்கு மேல் அவருக்கே அது கேட்கச் சகிக்கவில்லை, நிறுத்திக்கொண்டார்.

"இத அவரு எத்தன தடவ பாடிருப்பாரு?"

"நிறைய."

"ஒரு தடவகூட பாதியில நிறுத்தலையா? இது எங்கயோ நடக்குற மாதிரி இருக்கேன்னு?"

"இல்லம்மா."

அவள் ஸ்டியரிங்கைத் துடைப்பதுபோல் விரலால் தடவிக்கொண்டிருந்தாள். "யாரும் சொல்லாததாலதான் அவருக்கு தெரியலன்னு நினைச்சிட்டிருந்தேண்ணா. சொன்னா புரிஞ்சுக்குவாருன்னு வச்சிருந்தேன். எங்கிட்ட இருந்தது இந்த நாலு வார்த்ததான். இனி நான் போய் சொன்னா, பாட்டு வரிய சொல்றேன்னுதான் நினைப்பாரு."

"நான் சொல்றேம்மா அவன்கிட்ட. இன்னிக்கே போறேன். கால்ல விழுந்தாவது..."

"வேணாம். அதையும் நீங்களே எடுத்துக்காதீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். வண்டியை எடுத்தாள். எடுக்கும்போது பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்க்கவில்லை. சொல்ல வேண்டியது அவர் வேலை, ஆனால் அன்றைக்கு அவளுக்குச் சொல்லித்தர அவருக்கு வாய் வரவில்லை, தானே திரும்பிப் பார்த்துக்கொண்டார். மறுநாள் டெஸ்டில் அவள் பாஸ் செய்துவிட்டாள் என்பதைத் தொண்டை சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

பிறகு மேடை மேல் மேடையாக வந்தது. எங்கே போனாலும் அந்தப் பாட்டைத்தான் கேட்டார்கள். அதை விட்டுவிட்டு வேறு வாசிக்கலாமே என்று பிரேக்கு ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "உனக்கு பைத்தியமா?" என்றார் சோபா. பிரேக்கை அமுக்குகிற அதே வலது கால்தான் பெரிய டிரம்மின் மிதியையும் அமுக்க வேண்டும். 'உள்ள ஆள் இருக்கு' என்று தொண்டை எடுக்கிற இடத்தில் அந்தக் கால் ஒவ்வொரு தடவையும் பிந்தியது. கம்பி திரும்பி முறைப்பார். கூட்டம் அதைக் கண்டுகொள்ளாமல் கூடவே பாடும். பின்னால் உட்கார்ந்து அந்தக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார் பிரேக்கு. இத்தனை பேர் வாயில் போய் விழுந்ததை இனி எப்படிப் பொறுக்கி எடுத்து அவளிடம் திருப்பிக் கொடுப்பது என்று இருக்கும். ஒருநாள் பாட்டு முடிந்து கைதட்டல் அடங்குவதற்குள் மேடைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று மற்றவர்களிடம் சொன்னார்.

அப்படியே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. கிடங்கில் கம்பி கிட்டாருக்குச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தார். தொண்டை வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தார்.

"நேத்து ஒரு கூத்து கேளுங்கடா. என் பொண்டாட்டி என்ன உக்கார வச்சு வண்டி ஓட்டிட்டு போனா. நல்லாத்தான் ஓட்டுறா, பிரேக்கு புண்ணியம். பாதி வழியில, ரொம்ப சீரியஸா, 'நான் உள்ள இருக்கும்போதே லைட்ட அணைச்சிட்டு போறீங்க'ன்னா. நான் விடுவேனா? உடனே அடுத்த வரிய எடுத்து பாடிட்டேன். 'வீட்டுக்கு வந்த நீ, இன்னும் வந்து சேரல'ன்னு ஃபுல் சவுண்ட்ல. வீட்டு ஆளுங்களும் நம்ம பாட்ட மனப்பாடமா வச்சிருக்காங்கடா."

கம்பி சிரித்தார். சோபா பிளாஸ்டிக் கீச்சிடச் சிரித்தார்.

"அவ சிரிச்சாளா?" என்று கேட்டார் பிரேக்கு.

"அவ வண்டில்ல ஓட்டிட்டிருந்தா. ரோட்ட பாத்துட்டிருந்தா."

பிரேக்கு குச்சிகளை டிரம்மின் மேல் வைத்தார். ஒன்று உருண்டு கீழே விழுந்தது, எடுக்கவில்லை. "அவ பாட்ட சொல்லலடா" என்றார். "பாட்டுதான் அவள சொல்லுது. அது நான் எழுதினது இல்ல. தங்கச்சி எங்கிட்ட சொன்னது, வண்டி கத்துக்க வந்தப்ப. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு வாக்கு குடுத்துட்டு, அன்னிக்கு மத்தியானமே இங்க வந்து வாய விட்டேன். லைசென்ஸ் வந்ததும் உன்ன உக்கார வச்சு சொல்லணும்னு வச்சிருந்தா. நேத்து சொன்னது அதான்."

தொண்டையின் முகத்தில் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, இறங்க வழி தெரியாமல். உதடு மட்டும் அசைந்தது. பாடிப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

"சாப்டியான்னு கேட்டது?"

"அதுவும்."

"நான் 'சரி'ன்னா சொன்னேன்?"

"ஆமாடா."

பிரேக்கு அடியை எதிர்பார்த்தார். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று எழுந்தும் நின்றார். தொண்டை அடிக்கவில்லை. "எனக்கு ஏன்டா தெரியல?" என்று மட்டும் கேட்டார், யாரைக் கேட்கிறார் என்று தெரியாமல். பிறகு வண்டிச் சாவியைத் தேடிச் சட்டைப் பையைத் தடவினார். சாவி இல்லை, வண்டி வீட்டில் இருக்கிறது, வரும்போது அவள்தான் கொண்டுவந்து இறக்கிவிட்டாள் என்று ஞாபகம் வந்தது. விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார். வாசல் பக்கம் சுவிட்ச். போகிற போக்கில் கை அதை அமுக்கியது.

ஜன்னல் இல்லாத கிடங்கு. மூன்று பேரும் இருட்டில் நின்றார்கள். யாரும் குரல் கொடுக்கவில்லை. கொடுப்பதற்கு இருந்த வார்த்தை ஒன்றுதான், அதை யார் சொல்வது? வெளியே காலடிச் சத்தம் நின்றது. திரும்பி வந்தது. விளக்கு எரிந்தது. தொண்டை வாசலில் நின்று, சுவிட்சின் மேல் இருந்த தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் போய்விட்டார்.

சாயங்காலம் போன் வந்தபோது பிரேக்கு வீட்டில் இருந்தார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் அவளுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"வண்டி இல்லடா" என்றார் தொண்டை.

பிரேக்குக்கு முதலில் தோன்றியது, எடுக்கும்போது கண்ணாடியைப் பார்த்தாளா என்பதுதான்.

"அவ அக்கா போன் பண்ணாங்க. அங்க வந்து சேந்துட்டாளாம். நல்லா இருக்காளாம். எங்கிட்ட பேசமாட்டாளாம்."

"நான் போய் பேசிப் பாக்கட்டுமா?"

"நீயா?" என்றார் தொண்டை. கோபமாகக் கேட்கவில்லை, அதனால் இன்னும் வலித்தது. "வீட்ல எல்லா லைட்டும் எரியுதுடா. ஹால்ல, ரூம்ல, பாத்ரூம்லகூட. ஒண்ணு விடாம போட்டுட்டு போயிருக்கா. ஒவ்வொரு ரூமா போய் பாத்துட்டேன், யாரும் இல்ல."

பிரேக்கு போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"இத அணைக்கணுமா, இப்படியே விடணுமா? எனக்கு தெரியலடா. அவ பேசினது உன்கிட்டதான. நீயே சொல்லு."

பிரேக்கின் வலது கால் தரையை அமுக்கிக்கொண்டே இருந்தது. மனைவி மடிப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.